சிவப்பு மூடி, கறுப்புத் திட்டு

ஜனவரி 5, ஞாயிறு

பனி. வாசலில் நின்றால் கல்வராயன் மலையே காணோம். கோழி சுடும் அடுப்பின் மேல் போர்த்திய தார்ப்பாயை எடுத்தால் உள்பக்கம் முழுக்க ஈரம். நனையக் கூடாது என்று போர்த்தினால் போர்வைக்குள்ளேயே வேர்த்துக்கொள்கிறது. இனி முதலில் கோணி, அதன் மேல் தார்ப்பாய், கீழே காற்றுப் போக ஒரு சாண் இடம்.

இடது முன்காலில் துரு. மிளகு அளவு. துடைத்தேன், போகவில்லை. மூடியில் பிடிக்குப் பக்கத்தில் பெயிண்ட் மங்கல். அது துரு இல்லை, அண்ணியின் உபயம். போன மாதம் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, பித்தளைக் குடம் தேய்ப்பது போலப் புளி, சாம்பல், தேங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டாள். "பளபளன்னு ஆயிடும் பாரு" என்றாள். இருந்த பளபளப்பும் போச்சு.

அணைக்கட்டு ஏரியோரக் கடையில் கோழி சாயங்காலத்துக்குள் தீர்ந்தது.

சாப்பிடும்போது அண்ணன், தட்டைப் பார்த்துக்கொண்டே:

"காணும் பொங்கலுக்கு மாப்ள வராரு. கூட ரெண்டு பெரிய மனுசங்க. பேசி முடிச்சிக்கலாம். நான் சரின்னு சொல்ட்டேன்."

மாப்ள என்றால் என் புருஷன். சின்னசேலத்தில் அரிசி மண்டி. ஆடி மாதம் கை நீட்டினார். அதற்கு முன்னாலும் நீட்டியவர்தான். இந்தத் தடவை நான் துணிப் பையை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வந்துவிட்டேன், அண்ணன் வீட்டுக்கு.

"பேசி முடிக்கறதுன்னா இன்னாணே?"

"போயி குடும்பம் நடத்தறது. ரோட்டுல நின்னு கோழி சுட்டுக்கினு இன்னும் எத்தினி நாளு?"

"காணும் பொங்கலன்னிக்கு எனக்கு கடை. அணைக்கட்டுக்கு அன்னிக்குத்தான் கூட்டம் வரும். வரவங்கள கடைக்கே வரச் சொல்லு."

அண்ணன் ரசம் கேட்டார்.

ஆக, பதினாறாம் தேதி. அன்று கடை நடந்தால் என் சோற்றை நானே பார்த்துக்கொள்வேன் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். நடக்காவிட்டால் அவர்கள் வாய்க்கு அவல். எழுதி வைக்கிறேன்: போக மாட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

கள்ளக்குறிச்சி போனேன். பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள், பொங்கல் பேச்சு. "கரும்பு வாங்கி இன்னா பண்றது, நானே கட்டுன பல்ல வச்சிக்கினு ஒக்காந்துகிறேன்." பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும்.

வாங்க வேண்டியவை: உப்புத்தாள் (நைஸ்), பெயிண்ட், டர்ப்பன்டைன், சின்ன பிரஷ், மிளகாய்த்தூள், அண்ணிக்கு ஊக்கு.

பெயிண்ட் கடையில் ஷமீமா. கடை மாமனாருடையது. அவர் தொழுகைக்குப் போனால் இவள் உட்காருவாள். இங்கே வந்த பிறகு மலைமேல் விடுதியில் நான் சமையல் வேலை பார்த்தபோதிருந்தே பழக்கம். அந்த விடுதியை ஐப்பசியில் மூடினார்கள். இந்த அடுப்பைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார்கள். நான் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். சிவப்பு உடம்பு, கவிழ்த்த சட்டி மாதிரி மூடி, நாலு கால், பின்காலில் சக்கரம். கார்த்திகையில் கடை போட்டேன். பாதி ஊர் மாலை போட்டுக்கொண்டு கறியைத் தொடாத மாதம். "ஆரம்பிக்க வேற மாசமே கெடைக்கலியா ஒனக்கு" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். இருந்தும் ஓடியது.

"செவப்பு எனாமல் குடு ஷமீமா."

"எதுக்குக்கா, அடுப்புக்கா? மொத நெருப்புலயே கொப்புளிச்சிக்கும். சைலன்சர் பெயிண்ட் எடுத்துக்கோங்க. பைக்கு சைலன்சருக்கு அடிக்கறது, சூடு தாங்கும்."

"அதுல செவப்பு கீதா?"

"கறுப்பு, சில்வர். வேணும்னா சொல்லுங்க."

கறுப்பு எடுத்தேன். சிவப்பு மூடியில் கறுப்புத் திட்டு விழும். விழட்டும். பழுது பார்த்தது தெரிந்தால் என்ன, பழுது பார்க்காமல் விட்டால்தான் கேவலம்.

"உள்ள அடிச்சிடாதீங்க, கோழி படற எடம்."

"அது தெரியாதா எனக்கு."

பதினாறாம் தேதி விஷயம் சொன்னேன். பெயிண்ட் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "நாங்களும் அன்னிக்கு அணைக்கட்டுக்குத்தான் வரோம். எங்க வூட்டுக்கு ரெண்டு கோழி எடுத்து வைங்க. கோழி பாய் கடையில அறுத்ததுதானே?"

"அங்கதான்."

ஊக்கு மறந்துவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. கறி ஓடாது. அடுப்புக்கு வைத்தியம் பார்க்க நல்ல நாள்.

வெதுவெது தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, அண்ணனின் பழைய வேட்டித் துணி. மேலிருந்து கீழாக. சோப்புப் போக இன்னொரு துணி, ஈரம் போக இன்னொன்று. பிடியின் திருகாணிச் சந்தில் எண்ணெய்ப் பிசுக்கு. பழைய பல் பிரஷ். அரை நாள் வெயிலில். பிறகு துரு இருந்த இடத்திலும் அண்ணி தேய்த்த இடத்திலும் மட்டும் உப்புத்தாள், மெதுவாக. தூசி தட்டி, மெல்லிசாக ஒரு கை கறுப்பு. காய்ந்ததும் இன்னொரு கை. தடிமனாக ஒரே கையாக அடித்தால் வழிந்து தொங்கும். விடுதியில் ஜன்னல் கம்பியில் பார்த்திருக்கிறேன். கடைசியில் கோழி போடாமல் சின்ன நெருப்பு, பெயிண்ட் இறுக. தெருவே நாறியது.

அண்ணிக்காக, அவளிடம் சொன்னதே, சுவரில் எழுதி ஒட்டலாமா என்று யோசிக்கிறேன்:

கம்பி நார் கூடாது.
சாம்பல் கூடாது. புளி கூடவே கூடாது.
சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெயிண்ட் வெடித்துப் பெயர்ந்துவிடும்.
உள்ளே எதுவும் பூசக் கூடாது.

"ஒரு புள்ள பெத்தவகூட இவ்ளோ பத்தியம் சொல்ல மாட்டா" என்றாள் அண்ணி. ஆனால் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் கரும்பு லோடு இறக்கிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். அடுப்பைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஜனவரி 12, ஞாயிறு

நல்ல வெயில். கூட்டம்.

கார்க்காரர் ஒருவர் மூடிக்குள் எட்டிப் பார்த்து, "பெயிண்டு உரிஞ்சி கோழி மேல வுழுது போலகீதே" என்றார். உள்ளே பெயிண்டே கிடையாது. கொழுப்பும் புகையும் படிந்து, காய்ந்து, செதில் செதிலாகத் தொங்குகிறது. பார்க்க உரிந்த பெயிண்ட் மாதிரிதான். கொட்டாங்கச்சியால் அவர் கண் முன்னாலேயே ஒரு வழி வழித்துக் காட்டினேன். கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார், கரி. ஆனாலும் தப்பு என் பேரில்தான். இரண்டு வாரமாக உள்பக்கத்தை வழிக்கவில்லை. வெளியே அழகு பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிட்டேன். இனி ஒவ்வொரு திங்களும்.

இன்னொருத்தர், எலும்பைக் கடித்துக்கொண்டே: "ஏம்மா, வூட்ல ஆம்பள யாரும் இல்லியா? பொம்பள வந்து ரோட்டுல நிக்கற?"

"ஒங்களுக்கு கோழி வேணுமா, ஆம்பள வேணுமா?"

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் இன்னொரு கால் துண்டு வாங்கினார்.

அண்ணன் வண்டியோட்டிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனார். வழக்கம்போல முகம் ஏரிப் பக்கம். கடை போட்ட நாளிலிருந்து அப்படித்தான். ஏரியில் அப்படி என்னதான் இருக்கிறதோ. கோபமாக எழுதுகிறேன், ஆனால் வலிக்கிறது. அப்பா இல்லாத வீட்டில் எனக்குச் சடை பின்னிவிட்டவர்.

ஜனவரி 13, திங்கள்

போகி. தெருவெல்லாம் புகை. அண்ணி பழைய பாய், முறம், என் கிழிந்த செருப்பு எல்லாவற்றையும் போட்டாள். "இதையும் போட்ரலாமா?" என்று அடுப்பைக் காட்டிக் கண்ணடித்தாள். அடிக்கப் போனேன்.

மூடியின் உள்பக்கம் வழித்துக் கழுவியாயிற்று. ஊக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கிழக்கே பொங்கி வழிந்தது. அண்ணிக்குச் சந்தோஷம். சின்னசேலத்து ஆள் அண்ணனுக்குப் போன் பண்ணிப் பொங்கல் வாழ்த்து சொன்னாராம். எனக்கும் சொல்லச் சொன்னாராம். சரி.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். திருவள்ளுவர் தினம், கறிக்கடை லீவு. மத்தியானம் கோழிக்கடை பாய் வீட்டுக்கே போய், நாளை விடிகாலையில் அறுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கரி மூட்டைக்கும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வெயில் தாழ்ந்திருந்தது.

வாசலில் அடுப்பைப் பார்த்ததும் ஓடிப் பக்கத்தில் போனேன்.

மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட். மூடி முழுக்க நீலம். அதன் மேல் மஞ்சளில் வளையம் வளையமாக. நாலு காலுக்கும் மஞ்சள், நீலம், மஞ்சள், நீலம். நடுவில் குங்குமப் பொட்டு. பிடியில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிய மாலை. மூடியைத் தூக்கினேன். உள்ளேயும் நீலம். வழித்துக் கழுவி வைத்த உள்பக்கம், கோழிக்கு மேல் நிற்கிற இடம், சொட்டச் சொட்ட நீலம்.

அண்ணன் இல்லை. மாட்டை ஊர்வலம் ஓட்டிப் போய்விட்டார்.

"ஒங்கண்ணன்தான். மாட்டுக்கு அடிச்சிட்டு மிச்சத்த இதுக்கு அடிச்சாரு. நான் கோயில்ல இருந்தேன்" என்றாள் அண்ணி. அவள் முகமே செத்துப்போயிருந்தது.

வேண்டுமென்றே. நாளைக்குக் கடை நடக்கக் கூடாது. நெருப்பு வைத்தால் கொப்புளிக்கும், நாறும், ஒரு துண்டு விற்க முடியாது. சின்னசேலத்துக்காரர்கள் வந்து நிற்கும்போது நான் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நேரே வந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று எழுதிக்கொள்கிறேன். முழுக்க அது மட்டும் இல்லை.

பெயிண்ட் இன்னும் பிசுபிசுப்பு. அதுதான் நல்ல காலம். டர்ப்பன்டைன் இருக்கிறது. வேட்டித் துணி இருக்கிறது. விளக்கு வைப்பதற்குள் மூடியின் உள்பக்கம் முக்கால்வாசி எடுத்துவிட்டேன். மிச்சம் விடியும்போது. கடை நடக்கும். பச்சை முட்டை விற்றாவது நடக்கும்.

ஜனவரி 16, வியாழன், சாயங்காலம்

வரிசையாக எழுதுகிறேன்.

விடியலில் வாசலில் உட்கார்ந்து மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியெல்லாம் நீலம். அண்ணன் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா பண்ற? அடிச்சத ஏன் அழிக்கற?"

"நீ எதுக்கு அடிச்ச? இன்னிக்கு எனக்குக் கடை நடக்கக் கூடாதுன்னுதான?"

புரியாமல் பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை.

"மாட்டுக்கு அடிச்சேன். வண்டிக்கு அடிச்சேன். ஏருக்குப் பொட்டு வெச்சேன். சோறு போடறது எல்லாத்துக்கும் செய்யறோம் இல்ல? இது ஒண்ண மட்டும் மூளியா வுட்டா…" துண்டால் முகத்தைத் துடைத்தார்.

நேற்று எழுதியதை அடிக்க மனமில்லை. அப்படித்தான் நினைத்தேன், இருக்கட்டும்.

"உள்ள அடிக்கக் கூடாதுணே. நெருப்புல உருகி கோழி மேல சொட்டும். மூடிக்கும் கூடாது, சூடு ஏறும்."

"மாட்டுக்கு கொம்புல அடிச்சா ஒண்ணும் ஆவறதில்ல."

"மாட்டு வவுத்துல யாரும் நெருப்பு வெக்கறதில்ல."

அண்ணன் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒரு துணியை எடுத்தார். இரண்டு பேருமாக மூடியின் நீலத்தை எடுத்தோம். பழைய சிவப்பு கெட்டியானது, அடியில் அப்படியே இருந்தது. நான் வைத்த கறுப்புத் திட்டும் அசையவில்லை, நெருப்புக் காட்டி இறுக்கியதன் பலன். சோப்புத் தண்ணீர், இன்னொரு சோப்புத் தண்ணீர், உலர்த்தி, வெறும் அடுப்பில் பெரிய நெருப்பு. நாற்றம் போகும்வரை அண்ணன் மூடிக்குள் மோந்து மோந்து பார்த்தார். கால் நாலையும் அவரே துடைக்க வந்தார்.

"கால வுடு. அங்க சூடு ஏறாது."

மஞ்சள், நீலம், மஞ்சள், நீலம். அப்படியே இருக்கிறது.

வழக்கமாகத் தள்ளிக்கொண்டு போவேன். இன்று அவர் கேட்காமலே மாட்டை வண்டியில் பூட்டினார். கொம்புக்கு நீலம் அடித்த மாடு ஒன்று, மஞ்சள் அடித்த மாடு ஒன்று, வண்டியில் அடுப்பு, கோழி, கரி, நான். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும்.

கூட்டம் என்றால் கூட்டம். நெருப்பு அணையவே இல்லை. ஷமீமா வீட்டார் வந்து இரண்டு கோழி வாங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்தார்கள். அண்ணி எலுமிச்சை பிழிந்தாள், வெங்காயம் வெட்டினாள், வந்தவர்களிடமெல்லாம் "எங்க நாத்தனார் கடை" என்றாள்.

வெயில் சாயும்போது அவர்கள் வந்தார்கள். என் புருஷன், வெள்ளைச் சட்டையில். கூட இரண்டு பெரியவர்கள். அண்ணன் வீட்டில் ஆளில்லாததால் இங்கே.

பெரியவர்: "வூட்டுக்கு வாம்மா. ஒக்காந்து பேசலாம். நாலு பேரு பாக்கற எடத்துல வேணாம்."

"இங்கயே பேசுங்கய்யா. நாலு பேரு பாக்கட்டும். நான் போவல. அவருகூட குடும்பம் நடத்தப் போவல. எனக்கு இது இருக்குது."

எத்தனை நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது. சொல்லும்போது குரல் உடையவில்லை. கோழியைத் திருப்புவதைக்கூட நிறுத்தவில்லை; திருப்பி முடித்து மூடியைப் போட்டேன்.

"எது? இந்த டப்பாவா? இது இருக்கற கொழுப்புலதான் பேசறியா?" பக்கத்தில் கை கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கி, அவர், கொதிக்கிற மூடி மேல் ஊற்றினார்.

சீறிக்கொண்டு ஆவி. அது அடங்கியதும் படபடவென்று ஒரு சத்தம். மூடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு வெடித்து, பெயர்ந்து, கீழே விழுந்தது. நான் துணியைப் போட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கோழி நனையவில்லை. நெருப்பு இருந்தது.

"பெயிண்டுதான? திரும்ப அடிச்சிக்குவேன். எப்படி அடிக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் மறுபடி வாளிப் பக்கம் குனிந்தார். வாளி மேல் அண்ணன் கால்.

"மாப்ள." சத்தமே போடவில்லை அண்ணன். "அது எங்க வூட்டு மாடு. அது மேல கை வெக்கற வேல வெச்சிக்காதீங்க. அவ மேலயும்."

பெரியவர்களில் ஒருத்தர் அவர் தோளைத் தொட்டு, "வா, போலாம்" என்றார். இன்னொருத்தர் போகிற போக்கில், என்னைப் பார்க்காமல், ஒரு துண்டு கோழி கேட்டார். கொடுத்தேன். ஷமீமா கரையிலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசித் துண்டுவரை விற்றது.

ஜனவரி 18, சனி

பனி கொஞ்சம் கம்மி. கடை போடவில்லை.

மூடியில் புண் நான் நினைத்ததைவிடப் பெரிசு. ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தூக்கிய இடம் எல்லாம் எடுத்து, ஓரத்தைச் சரிவாக உப்புத்தாள் போட்டு, இரும்பு தெரியும்வரை. இரண்டு நாளில் அதற்குள் லேசாகத் துரு. தேய்த்து, துடைத்து, மெல்லிசாக ஒரு கை கறுப்பு. பழைய திட்டுக்குப் பக்கத்தில் புதுத் திட்டு. சிவப்பாகவே அடித்து மறைத்தால் என்ன என்று அண்ணி கேட்டாள். வேண்டாம் என்றேன். இருக்கட்டும், யார் ஊற்றியது, யார் அடித்தது எல்லாம் தெரியட்டும்.

இரண்டாவது கை காய்ந்துகொண்டிருந்தபோது அண்ணன் கரும்பு லோடுக்குக் கிளம்பினார். வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்து மூடியைப் பார்த்தார். கட்டை விரலை வைக்கப் போனார்.

"தொடாதணே. காயல."

கையை எடுத்துக்கொண்டார். காலைப் பார்த்தார், மஞ்சளும் நீலமும்.

"அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு எங்கெங்க அடிக்கலாம்னு இப்பவே சொல்லிடு. அப்பறம் திட்டாத."

"கால்ல மட்டும்."

"சக்கரத்துல?"

"சக்கரத்துலயும்."

சரி என்று வண்டியில் ஏறினார். நாளை ஞாயிறு. கரி வாங்க வேண்டும், எலுமிச்சையும். உப்புத்தாளும் தீர்ந்துவிட்டது.